எசமானின் மரணமும் தொழிலாளியின் கூலியும்

ஆங்கிலத்திலிருந்து நம் வழக்கில் வந்து கலந்த சொற்களுள் 'எஸ்டேட்' என்பதும் ஒன்று. மலையகத்தில் அது தேயிலைத் தோட்டத்தைக் குறிக்கும். நீதிமன்றத்திலோ அதே சொல், இறந்துபோன ஒருவர் விட்டுச் சென்ற ஆதனம் முழுவதையும் குறிக்கும். கண்டிச் சீமையின் வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்ட சந்தர்ப்பங்கள் பல. துரை இறந்தார், அவர் விட்டுச் சென்ற எஸ்டேட், மலைச்சரிவில் இருந்த எஸ்டேட்டே. அதனைப் பெறுவதற்கு உரித்துடையோர் யார், அதனை ஈடு பிடித்துக் கடன் கொடுத்த வங்கி எது, ஏலத்தில் எவ்வளவு தேறும் என்பனவெல்லாம் நுணுகி ஆராயப்பட்டன. அம்மலையில் அதுவரை வேலை செய்தோருக்குக் கொடுபடாதிருந்த கூலி என்னவாயிற்று என்ற கேள்வி மாத்திரம் பெரும்பாலும் கேட்கப்படவேயில்லை.

அக்கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். "செத்தவரிடம் போய்க் கூலி கேட்பதா?" என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். மரண வீட்டிற் பணப்பேச்சு எடுப்பது பண்பாகாது என்பர். ஆனால், அதே வீட்டில் அந்தியேட்டி முடியுமுன்னரே காணி உறுதிகள் எங்கேயென்று அலுமாரியைத் திறந்து தேடுவது அவர்களுக்குப் பண்புக்குறைவாகத் தோன்றுவதில்லை. உரித்தாளர் கேட்டால் உரிமை, வேலைக்காரி கேட்டால் பேராசை என்னும் இந்த நியாயம் எவ்விடத்திலிருந்து வந்தது?

சட்டத்திலிருந்து வரவில்லை என்பது திண்ணம். உரோமன் டச்சுச் சட்டம், தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் என்பன பங்கு பிரிக்கும் முறையில் ஒன்றோடொன்று வேறுபடும். கடனைத் தீர்த்த பின்னர் எஞ்சுவதே பங்குக்கு உரியது என்பதில் அவை வேறுபடுவதில்லை. நீதிமன்றம் நியமிக்கும் நிருவாகியோ, மரணசாதனத்தை நிறைவேற்றுபவரோ முதலிற் செய்ய வேண்டிய வேலை இறந்தவரின் கடன்களைக் கணக்கெடுத்துக் கொடுத்துத் தீர்ப்பதாகும். கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியது கடன். வங்கிக்குக் கொடுக்க வேண்டியது கடன். செய்து முடித்த வேலைக்குக் கொடுபடாத கூலியும் அவ்வாறே கடன். இறப்பினால் அது அழிவதில்லை. ஏட்டளவில் இவ்வளவு தெளிவாயுள்ள இந்நீதி நடைமுறையில் ஏன் செல்லாக் காசாயிற்று என்பதே நாம் காண வேண்டியது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். ஹந்தானை மலைத்தொடரின் சரிவுகள் தேயிலைக்கு முன்னர் கோப்பி கண்டவை. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டுவழியே நடந்துவந்த கூலியாட்களுக்குக் கூலி மாதாமாதம் கொடுபடவில்லை. பல மாதங்கள் நிலுவையில் வைத்தே கொடுக்கப்பட்டது. ஆளைப் பிடித்து வைத்திருப்பதற்கு நிலுவையைப் போன்ற சங்கிலி வேறில்லை என்பதைத் தோட்டக்காரர் நன்கறிந்திருந்தனர். ஆயின், 1847ஆம் ஆண்டளவிற் கோப்பி விலை வீழ்ந்தபோதும், 1869இல் இலைநோய் தோன்றி அடுத்த பதினைந்து ஆண்டுகளிற் பயிரையே அழித்தபோதும், சங்கிலியின் மறுநுனியைப் பிடித்திருந்தவர் ஓடிப்போனார், அல்லது முறிந்துபோனார், அல்லது காய்ச்சலில் மாண்டுபோனார். 1884இல் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனமே வீழ்ந்தது. ஈடு பிடித்தவர்கள் தோட்டங்களை எடுத்துக்கொண்டனர். தொழிலாளியின் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை.

அரசாங்கம் இதனைக் காணாதிருக்கவில்லை. 1880களில் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டங்கள் கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பு ஆக்கின. அதாவது, தோட்டம் யார் கைக்குப் போனாலும், வங்கியின் ஈட்டுக்கும் முன்னதாகத் தொழிலாளியின் கூலி அந்த மண்ணின்மேல் நிற்கும். இரக்கத்தினால் மாத்திரம் இச்சட்டம் வந்ததென்று எண்ணுவது பேதைமை. கூலி கிடையாதென்ற செய்தி தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் எட்டினால் அடுத்த ஆண்டு ஆள் வரமாட்டார்கள் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. எக்காரணத்தால் வந்ததாயினும் கோட்பாடு சரியானது: உழைப்பினால் விளைந்த சொத்தின்மீது உழைப்பின் விலையே முதலில் நிற்க வேண்டும். நூறாண்டுகளுக்கும் முன்னர், குடியேற்ற நாட்டு ஆட்சியில், தோட்டக்காரர் செல்வாக்கு மிகுந்திருந்த சட்டசபையே ஒப்புக்கொண்ட இக்கோட்பாட்டை இன்று நாம் நினைவூட்ட வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது.

தொழிலாளி பட்ட கடன் எவ்வாறு பேணப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வழிச்செலவு, அரிசி, கம்பளி, கங்காணி கொடுத்த முற்பணம் என்று அவன் பெயரில் ஏறிய கடன் ஒருபோதும் மறக்கப்படவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக விரும்பியவன் 'துண்டு' பெற வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இன்னாரை விடுவிப்போம் என்று அத்துண்டில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுக்கும். கடன் புதிய தோட்டத்தின் பேரேட்டில் ஏறும். 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை கடன் அவன் பின்னாலேயே மலைக்கு மலை நடந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்றால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்கீழ்ச் சிறையும் காத்திருந்தது. தொழிலாளியின் கடனுக்குக் கால் இருந்தது, காவற்காரன் இருந்தான். துரையின் கடனோ துரையோடு புதைக்கப்பட்டது.

இவையெல்லாம் பழங்கதை என்று புறந்தள்ளுவோர், இன்னும் நம் நீதிமன்றங்களில் ஆளப்படும் ஒரு சட்டத்தை எடுத்துப் படிப்பாராக. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டம், எந்தக் கடனுக்கு எவ்வளவு காலத்துள் வழக்கிட வேண்டுமென்று விதிக்கின்றது. ஈட்டுக் கடனுக்குப் பத்து ஆண்டு. எழுத்துமூலமான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. வாய்மொழியாற் பட்ட கடனுக்கு மூன்று ஆண்டு. அதன் 8ஆம் பிரிவு கூறும் கைவினைஞர், தொழிலாளர், வேலைக்காரர் ஆகியோரின் கூலிக்கோ ஓராண்டு மாத்திரமே. கூலி கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு கழிந்தால் அக்கூலிக்கு வழக்கில்லை. அயலவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஆயிரம் ரூபாவுக்கு மூன்று ஆண்டு ஆயுள். அதே அயலவரின் காணியிற் புல்வெட்டியவனின் ஆயிரம் ரூபாவுக்கு ஓராண்டு ஆயுள். கூலியாள் உடனுக்குடன் கேட்டு வாங்கிவிடுவான், ஆகவே ஓராண்டாகக் கேட்காதிருந்தால் கொடுத்துத் தீர்ந்திருக்கும் என்பது இதனை வகுத்தவர்களின் ஊகம். எசமானிடம் உடனுக்குடன் கேட்கத் துணிந்த வேலைக்காரரை அவர்கள் எங்கே கண்டார்களோ அறியோம்.

இப்பிரிவு யாரைக் கொல்கின்றது என்பதை அறிய ஹந்தானையின் லயங்களிலிருந்து கீழே இறங்கிக் கண்டி நகர வீடுகளுக்குள் நுழைய வேண்டும். கொழுந்து பறிக்கப் போகாத பெண்ணுக்கு இம்மலைகளில் நெடுங்காலமாகத் திறந்திருந்த மற்றொரு வழி வீட்டு வேலை. கண்டியிலும் கொழும்பிலும் நம்மவர் வீடுகளிலும் பிறர் வீடுகளிலும் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டுபவள் அவள். அவளது சம்பளத்தின் ஒரு பகுதியைத் தகப்பன் மாதந்தோறும் வந்து வாங்கிப் போவார். அல்லது "உன் கலியாணத்துக்குச் சேர்த்து வைக்கிறேன்" என்று வீட்டு அம்மா தம்மிடமே வைத்துக்கொள்வார். அந்த அம்மா நல்லவராகவும் இருக்கலாம். சொன்னபடி கொடுக்கும் எண்ணம் அவருக்கு மெய்யாகவே இருந்திருக்கலாம். இங்கே குணம் பற்றிய விசாரணை வேண்டியதில்லை. அந்த அம்மாவும் ஒருநாள் இறப்பார் என்பதே போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபா வீதம் பதினைந்து ஆண்டுச் சம்பளம் ஒருத்திக்கு இவ்வாறு நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். 18 இலட்சம் ரூபா. வீட்டு அம்மா கண் மூடுகின்றார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகின்றனர். வீடு விலை பேசப்படுகின்றது. அவளுக்கு இரண்டு சேலையும் பஸ் காசும் கொடுத்து, "அம்மா உன்னில் நல்ல பிரியம்" என்று கூறி அனுப்பிவிடுகின்றனர். அவள் துணிந்து நீதிமன்றம் போனாலும், 8ஆம் பிரிவின்படி அவள் கேட்கக்கூடியது கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளமாகிய 1,20,000 ரூபா. மிகுதி 16,80,000 ரூபா அம்மாவுக்கு முன்னரே இறந்துவிட்டது. அவ்வளவும் எங்கே போயிற்று? விற்ற வீட்டின் விலைக்குள் இருக்கின்றது. பங்கு பிரித்தவர்களின் வங்கிக் கணக்கில் இருக்கின்றது.

இவ்விடத்தில் உரித்தாளர் வழக்கமாய்க் கூறும் விடைகளை நாம் அறிவோம். "அவளை மகளைப் போலத்தானே வைத்திருந்தோம்" என்பது அவற்றுள் முதன்மையானது. மகளுக்குப் பங்கு உண்டு. வேலைக்காரிக்குக் கூலி உண்டு. மகளைப் போன்றவளுக்கு இரண்டுமில்லை! மகள் என்ற சொல்லால் கூலியைத் தட்டிக்கழித்து, வேலைக்காரி என்ற சொல்லாற் பங்கைத் தட்டிக்கழிக்கும் இச்சாமர்த்தியத்தை எந்த அகராதியும் விளக்காது. "சோறும் துணியும் கொடுத்தோமே" என்பது இரண்டாவது. சோறில்லாமல் வேலை வாங்க முடியாதாகையாற் சோறு கொடுத்தீர்கள். அது கூலிக்கு மாற்றாகாது. "சாட்சி என்ன? எழுத்து என்ன?" என்பது மூன்றாவது. இதுவே சட்டத்தரணிகளும் விரும்பும் விடை. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாதாகையால், இறந்தவரின் ஆதனத்தின்மீது கொண்டுவரப்படும் கோரிக்கையை நீதிமன்றங்கள் ஐயத்தோடு நோக்குவது மரபு. அம்மரபு பொய்க்கடனுக்கு எதிரான காவல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதும் பேனா யாருடைய கையில் இருந்தது? எழுதாமல் விட்டவரின் பக்கத்துக்கு எழுத்தின்மை சான்றாவதும், எழுதத் தெரியாதவளின் வாய்மொழி ஐயத்துக்குரியதாவதும் எந்த வகை நீதி?

வீட்டுப் பணியாளரைச் சட்டம் எப்போதும் வாசலிலேயே நிறுத்திவைத்தது. கடைக்கும் காரியாலயத்துக்கும் 1954இல் ஒரு சட்டம் வந்தது. தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் இருந்தது. சேமலாப நிதியின் வரம்புக்குள் வீட்டுப்பணி சேர்க்கப்படவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் வீட்டுப் பணியாளரை வெளிப்படையாகவே விலக்கியது. ஆனால் அவர்களைப் பதிவு செய்வதற்கு மாத்திரம் 1871இலேயே ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. களவு போனால் யாரைப் பிடிப்பது என்று அறிய வேண்டுமல்லவா? கூலியை ஓராண்டிற் சாகவிட்ட சட்டமும் வேலைக்காரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய சட்டமும் ஒரே ஆண்டிற் பிறந்தவை என்பதை ஆராய்ச்சி மாணவர் எவரேனும் எடுத்து எழுதலாம்.

ஓராண்டு விதிக்கு ஒரு மறுப்பு உண்டென்பதே எமது கருத்து. 'உனக்காக வைத்திருக்கிறேன்' என்று சொல்லி வைத்துக்கொள்ளப்பட்ட பணத்தைக் கொடுபடாத கூலி என்று கொள்வது பிழை. அது அவளுக்குரியதாகி, மற்றொருவர் பொறுப்பில் விடப்பட்ட பொருள். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டம், நம்பிக்கையின்மேல் ஒருவரிடம் விடப்பட்ட சொத்தை அவர் தமதாக்கிக்கொள்ள விடுவதில்லை. அவர் கையிலுள்ள அப்பொருளை மீட்பதற்குக் காலாவதி என்னும் தடையை எழுப்பவும் அது இடங்கொடுப்பதில்லை. வீட்டு அம்மா கடனாளியல்லர், நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று வாதிட்டால், பதினைந்து ஆண்டுப் பணமும் உயிரோடு எழும்பும். நீதிபதிகள் இதனை உடனே ஏற்பர் என்று நாம் கூறவில்லை. கேட்கப்படாத வாதம் ஏற்கப்பட முடியாது என்பது மாத்திரம் உறுதி. கோவிற் காணிக்கும் சங்க நிதிக்கும் எடுத்தாளப்படும் இச்சட்டம் ஒரு தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்துக்கு ஏன் ஆகாது?

இனி மீண்டும் மலைக்கு ஏறுவோம்; அங்கேயுள்ள எசமான் வேறு வகையினன். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தனியார் துரைகளையும் கம்பனிகளையும் அகற்றிவிட்டுத் தோட்டங்களை அரசின் கையிற் கொடுத்தன. 1976இல் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, மலையகம் 'ஜனவசம' என்று வழங்கும் அச்சபை, தோன்றியது. 1992இல் நல்ல விளைச்சலுள்ள தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. ஹந்தானையும், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் போன்ற கண்டிப் பகுதித் தோட்டங்கள் சபையோடு எஞ்சின. மனிதன் சாவான், கம்பனி முறியும், ஆனால் அரசு சாகாது. ஆகவே கூலிக்கு இனிப் பயமில்லை என்று அன்று நம்பியவர்கள் பலர்.

நடந்தது என்ன? சேமலாப நிதிக்கென்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வெட்டப்பட்ட பணமும், அதனோடு எசமான் சேர்த்துச் செலுத்த வேண்டிய பங்கும் பல ஆண்டுகளாக உரிய நிதிக்குப் போய்ச் சேரவில்லை. ஓய்வு பெற்றோருக்குப் பணிக்கொடை உரிய காலத்திற் கொடுபடவில்லை. சட்டமோ கடுமையானது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தாமதத்துக்கு ஏற்ப 50 வீதம்வரை மேலதிகக் கட்டணம் விதிக்கின்றது. தொழில் ஆணையாளர் சான்றிதழொன்றை நீதிமன்றத்துக்கு அனுப்பிச் சொத்தைக் கைப்பற்றி அறவிடலாம். பணிக்கொடை, வேலை முடிந்து முப்பது நாளுக்குள் கொடுபட வேண்டும். ஓராண்டுக்கு மேல் தாமதித்தால் 30 வீதம் மேலதிகம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி, முப்பது ஆண்டு உழைத்த ஒருத்திக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள் வீதம் 5,67,000 ரூபா சேர வேண்டும். பிழைசெய்பவர் கடைக்காரராயின் சட்டம் இவ்வளவும் பாயும். பிழைசெய்பவர் அரசசபையாகவும் அறவிடுபவர் அரச ஆணையாளராகவும் இருக்கும்போது, வலக்கை இடக்கைக்கு அழைப்பாணை அனுப்பிக்கொண்டிருக்கின்றது.

இங்கே மரணத்தின் திசை மாறிவிடுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். கடனாளி சாகாதவன், கடன் கொடுத்தவளே சாகின்றாள். தாமதம் என்பது இத்தகைய எசமானுக்கு நிருவாகக் குறைபாடாகத் தோன்றினாலும், விளைவில் அது ஆதாயமாகும். லயத்துக் கிழவி இறந்த பின்னர் அவளுடைய பிள்ளைகள் உரித்தை நிறுவ வேண்டும். செக்ரோலில் 'ராமாயி', பிறப்புச் சான்றிதழில் 'இராமாய்', அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. விவாகப் பதிவு இல்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நாட்சம்பளத்தை இழந்து கச்சேரிக்குப் போக வேண்டும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு நடுவே கடலும் கிடந்தது. ஈற்றிற் களைத்துப்போய் விட்டுவிடுகின்றனர். எசமானின் உரித்தாளர் பெறுவதற்கு ஒரு மரணசாதனம் போதும். தொழிலாளியின் உரித்தாளர் பெறுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, ஓய்ந்து கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. உருளைகளும் உலர்த்திகளும் எண்ணெய் பூசிப் பேணப்படுகின்றன. நன்று. ஆனால் அந்த உருளைகளைச் சுழற்றிய கைகளின் செக்ரோல்கள் பல தோட்டங்களிற் கறையானுக்கு இரையாகின்றன. அவையே நிலுவைக்குச் சான்று. இரும்பைப் பேணிக் கணக்கை அழியவிடும் நாட்டில் நிலுவை கேட்போர் பொய்யராகவே தோன்றுவர்.

சபையின் காணிகளைக் குத்தகைக்கு விடுவது, பிரித்துக் கொடுப்பது, புனரமைப்பது என்று திட்டங்கள் காலத்துக்குக் காலம் எழுகின்றன. எத்திட்டமாயினும், 1880களின் கோட்பாட்டை முதற்பக்கத்தில் எழுதட்டும்: நிலுவை தீராத காணி கைமாறலாகாது. கூலிக்கு முன்னுரிமை கொடுக்கும் 1949ஆம் ஆண்டின் சர்வதேச கூலிப் பாதுகாப்புச் சமவாயத்தை இலங்கை 1983இல் ஏற்றுக்கொண்டது. அது வங்குரோத்தையே பேசுகின்றதாயினும், அதன் கருத்தை அரசு தன் சொந்தத் தோட்டத்துக்குப் பொருத்த எந்தத் தடையுமில்லை. காலாவதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் 'கூலி' என்ற சொல்லை எடுத்துவிட ஒரு வரித் திருத்தம் போதும். மரணசாதன வழக்குத் தொடுப்பவர், இறந்தவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்தோர் யார், அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று சத்தியக்கடதாசியிற் கூறுதல் வேண்டும் என்று விதிப்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பத்திரிகையில் விளம்பரம் போட்டுக் கடன்கொடுத்தோரை அழைப்பது லயத்துக்கு எட்டாது.

இப்பல்கலைக்கழகம் ஹந்தானையின் அடியிலே, முன்னர் தோட்டமாயிருந்த மண்ணில் நிற்கின்றது. 1952இலிருந்து இங்கு வந்து போனோர் இம்மலையை நிலவோடும் பனியோடும் காதலோடும் சேர்த்துப் பாடியுள்ளனர். அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. மலையிற் குடியிருப்போரின் நிலுவையைப் பற்றிப் பேசும் பொறுப்பும் அதே மாணவருக்கு உண்டு. சட்டம் பயில்வோர் உரித்துப் பத்திரங்களை எழுதிக்கொடுக்கலாம். தமிழ் பயில்வோர் மூன்று எழுத்துக்கூட்டும் ஒரே பெயர் என்று விளக்கிக் கடிதம் எழுதலாம்.

நம்முட் பலரது வீடுகளில் வேலைக்கு ஒருத்தி இருக்கின்றாள். அவளது சம்பளம் தாயாரிடமோ பாட்டியாரிடமோ 'சேர்ந்துகொண்டு' இருக்கக்கூடும். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், ஓராண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்பதையும் 1871ஆம் ஆண்டின் அதே சட்டம் கூறுகின்றது. ஆகவே, இவ்விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு தாளில், இன்ன மாதந் தொடக்கம் இன்ன மாதம்வரை இன்னாருடைய சம்பளம் இவ்வளவு ரூபா என்னிடம் உள்ளது என்று எழுதி, திகதியிட்டு, அவர்களிடம் ஒப்பம் வாங்கி, அத்தாளை அவளிடமே கொடுத்துவிடுக. மறு ஆண்டும் அவ்வாறே எழுதுக. அதைவிட மேலானது, பணத்தை எண்ணி அவள் பெயரில் வங்கியிற் போட்டுப் புத்தகத்தை அவள் கையிற் கொடுப்பது.